உப்புக்கு ஒரு தூரம், பட்டுக்கு ஒரு தூரம்

நேயர்களே, ஒரு பிடி கறிவேப்பிலைக்காக நீங்கள் எவ்வளவு தூரம் நடப்பீர்கள்? கூசாமல் பதில் சொல்லுங்கள்.

எங்கள் வீட்டில் இதற்குப் பதில் தெருமுனை. அதற்கு அப்பால் பத்தடி என்றாலும், அன்றைக்கு ரசம் கறிவேப்பிலை இல்லாமலேதான் கொதிக்கும். ஆனால் இதே வீட்டில், மைத்துனியின் கல்யாணத்துக்குப் பட்டுப் புடவை எடுக்க வேண்டும் என்ற பேச்சு வந்ததும் என்ன நடந்தது தெரியுமா? ஐந்து பேர் விடிவதற்கு முன் எழுந்து, கூடுவாஞ்சேரியில் மின்சார ரயில் ஏறி, மாம்பலத்தில் இறங்கி, ரங்கநாதன் தெருவின் ஜன சமுத்திரத்தில் நீந்தி, இரவு எட்டு மணிக்கு வீடு திரும்பினோம்.

வழியிலேயே குரோம்பேட்டை இருக்கிறது. தியாகராய நகரின் பெரிய கடைகளே அங்கே கிளை திறந்திருக்கின்றன. "இங்கேயே இறங்கிவிடலாமே?" என்று ஒரு யோசனை சொன்னேன். என் மனைவி பார்த்த பார்வையிலே நான் மறுபடி உட்கார்ந்துவிட்டேன்.

சாயங்காலம் கால் வலியோடு யோசித்தபோது இது வேடிக்கையாகத் தோன்றியது. பத்தடி நடக்க அலுத்துக்கொள்ளும் மனுஷர்கள், பத்து ஸ்டேஷன்களுக்கு மேல் தாண்டிப் போவானேன்?

இந்தச் சமாசாரத்தைப் பெரிய படிப்பாளிகளே ஆராய்ந்திருக்கிறார்கள். 1931-ல் வில்லியம் ரெய்லி என்ற அமெரிக்கர், நியூட்டனின் புவியீர்ப்பு விதியைக் கடைவீதிக்குக் கொண்டு வந்தார். ஊர் பெரிதானால் வியாபாரத்தை இழுக்கும் சக்தி கூடும். தூரம் இரண்டு மடங்கானால் அந்தச் சக்தி நாலில் ஒரு பங்காகிவிடும் என்றார். 1960-களில் டேவிட் ஹஃப் என்ற இன்னொரு அமெரிக்கர் அதைத் திருத்தினார். மைலை எண்ணாதே, பிரயாண நேரத்தை எண்ணு. ஊரின் அளவைப் பார்க்காதே, கடைகளின் அளவைப் பார். எல்லாவற்றுக்கும் மேலாக, என்ன சாமான் வாங்கப் போகிறார்கள் என்று கேள். சாமானுக்குச் சாமான் தூரத்தின் கசப்பு மாறும் என்பது அவர் கண்டது.

எங்கள் வீட்டுப் பெண்கள் ஹஃபின் பெயரைக் கேட்டதில்லை. ஆனால் அவர் கணக்கு அவர்களுக்கு அத்துப்படி. உப்பு எங்கே வாங்கினாலும் உப்புதான். புடவை அப்படியா? பார்க்க வேண்டும், தொட வேண்டும், வெளிச்சத்துக்குக் கொண்டு போக வேண்டும், "சரி, யோசித்துவிட்டு வருகிறோம்" என்று எழுந்து அடுத்த கடைக்குப் போகவும் வேண்டும். குரோம்பேட்டையில் இருப்பவை பெரிய கடைகள்தாம். ஆனால் ஒரு கடையை விட்டு எழுந்தால் பக்கத்திலே இன்னும் இருபது கடைகள் காத்திருக்க வேண்டாமா? ஜனங்களை இழுப்பது ஒரு கடை அல்ல. ஒன்றுக்கொன்று போட்டி போடும் கடைகளின் கூட்டம். போட்டிக் கடை பக்கத்தில் வந்தால் வியாபாரம் படுத்துவிடும் என்று நினைக்கிறோம். ஜவுளிக்கும் நகைக்கும் பெரும்பாலும் நேர்மாறுதான்.

வழி சுலபமாகவும் இருக்க வேண்டும். தியாகராய நகரே ஒரு காலத்தில் புறநகர்தான். 1920-களில் நீண்ட ஏரியைத் தூர்த்து உண்டாக்கிய குடியிருப்பு. 1931-ல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. ரயிலை விட்டு இறங்கினால் ரங்கநாதன் தெரு! 2023-ல் மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து பஸ் நிலையம் வரை ஆகாய நடைபாதையும் போட்டுவிட்டார்கள். இரண்டு கையிலும் பையோடு திரும்புகிறவர்களுக்குத் தூரம் என்பது கிலோமீட்டரில் இல்லை. படிக்கட்டிலும் நெரிசலிலும் இருக்கிறது.

இதுவரை எல்லாம் வேடிக்கைதான். மறுநாள் காலை நடந்தது வேறு.

தெருமுனை அண்ணாச்சி கடைக்குப் போனேன். கத்திரிக்காயோடு கறிவேப்பிலையைக் கொசுறாகப் போட்டுக் கொடுத்துவிட்டு அவர் சொன்னார்: "அரிசி, பருப்பு, எண்ணெயெல்லாம் நீங்க வெளியிலே எடுத்துடறீங்க, சார். எங்கிட்டே வர்றது இந்தக் காயும் கொசுறுந்தான். ஆடி வரைக்கும் பார்க்கேன். அப்புறம் ஊருக்குப் போயிடலாம்னு இருக்கேன்."

சுருக்கென்றது. 1933-ல் வால்டர் கிறிஸ்டாலர் என்ற ஜெர்மானியர் இரண்டு அளவுகளைச் சொன்னார். ஒரு சாமானுக்காக ஜனங்கள் எவ்வளவு தூரம் வருவார்கள் என்பது ஒன்று. அதை விற்கிற கடை பிழைக்க எவ்வளவு பேர் வாங்கியே ஆக வேண்டும் என்பது மற்றொன்று. முதல் கணக்கை நாம் தினமும் போடுகிறோம். இரண்டாவது கணக்கை அண்ணாச்சி தனியாகப் போட்டுக்கொண்டிருக்கிறார்.

எனக்கு ரயில் இருக்கிறது. கைப்பேசியில் தட்டினால் வாசலுக்கே சாமானும் வருகிறது. ஆனால் என் அம்மாவுக்கு முட்டி வலி. கைப்பேசியில் தட்டத் தெரியாது. கைத்தடியோடு தினம் ஒரு தடவை தெருமுனை வரை போய், இரண்டு தக்காளி வாங்கி, நாலு வார்த்தை பேசிவிட்டு வருவதுதான் அவள் உலகம். அண்ணாச்சி கடை மூடினால், அடுத்த கடை எனக்குச் சிறிது தூரம். அம்மாவுக்கோ அது காசி!

வீட்டில் சொன்னேன். என் மனைவி சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "இந்த மாதம் மளிகை லிஸ்டை அண்ணாச்சியிடமே கொடுத்துவிடுங்கள். இரண்டு ரூபாய் கூட இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்" என்றாள்.

"பட்டுப் புடவை?" என்றேன்.

"அது மாம்பலம்தான்!" என்றாள்.

உங்கள் தெருமுனையில் யார் கடை வைத்திருக்கிறார்கள், நேயர்களே? கடைசியாக அவரிடம் கொசுறைத் தவிர வேறு என்ன வாங்கினீர்கள்?