நமது பட்டணமும் வடகிழக்குச் சகோதரரும்

மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் ஹோட்டல்களில் போஜனம் செய்வோரும், தியாகராய நகரில் ஜவுளி வாங்கச் செல்வோரும், மணிப்பூர், மிஜோரம், நாகாலாந்து, அஸ்ஸாம் முதலிய ராஜ்யங்களிலிருந்து வந்து ஊழியம் புரியும் வாலிபர்களைத் தினந்தோறும் காண்கின்றனர். சட்டத்தின் முன் நமக்குள்ள பாத்தியதை யாவும் அவர்களுக்கும் உண்டு. ஆயினும் அவர்கள் தெருவிற் செல்லுங்கால் 'சைனாக்காரன்' என்று கூவி நகைப்பதை நம்மவரிற் சிலர் விளையாட்டாகக் கருதி வருகின்றனர். வாடகைக்கு வீடு கேட்டு வந்தவனுக்கு, முகத்தைப் பார்த்த மாத்திரத்தில், வீடு காலியில்லை என்ற பதில் பிறக்கிறது. இதனை நிறத்துவேஷம் என்று சொல்ல நமக்கு நாவெழுவதில்லை. அது வெள்ளைக்காரர் செய்வது என்றல்லவோ நாம் படித்திருக்கிறோம்!

2012-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் நடந்ததை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அஸ்ஸாமில் விளைந்த கலகத்திற்குப் பழிவாங்கத் தங்களைத் தாக்கப் போகிறார்கள் என்ற வதந்தி கைபேசி வழியே பரவவே, பெங்களூரிலிருந்து ஆயிரக்கணக்கானோர் சொந்த ஊர்களுக்கு ரயிலேறினர். நமது சென்னையிலிருந்தும் பலர் சென்றனர். சுதந்திர தினத்தை ஒட்டிய நாட்கள் அவை. குறுஞ்செய்திகளை மொத்தமாக அனுப்புவதை மத்திய ஸர்க்கார் 15 நாட்களுக்குக் கட்டுப்படுத்தினர். வதந்தி பொய்யே. ஆனால் அப்பொய்யை அவர்கள் ஏன் நம்பினார்கள்? அது பொய் என்று சொல்லித் தடுக்க, அவர்கள் நம்பத்தக்க அண்டை வீட்டார் ஒருவரும் இல்லாமற் போனதாலேயே என்பது நமது அபிப்பிராயம். பல வருஷங்கள் ஒரே தெருவில் வசித்தும் பெயர் கேட்டறியாத நமது வார்த்தையை, ஆபத்துக் காலத்தில் அவர்கள் எவ்வாறு நம்புவர்?

தமிழர்களாகிய நாம் இவ்விஷயத்தில் அறியாதவர்கள் என்று சொல்லித் தப்ப வழியில்லை. நேட்டாலில் எஜமானனால் அடிபட்டுப் பல் உடைந்து, தலைப்பாகையைக் கையிலேந்தி வந்து நின்ற பாலசுந்தரம் நம்மவர். அவருடைய கதையைக் காந்தியடிகள் 1896-ம் வருஷம் அக்டோபர் 26-ந் தேதி இப்பட்டணத்துப் பச்சையப்பன் மண்டபத்தில் எடுத்துரைத்தார். சிறையில் உடல் நலிந்து 1914-ம் வருஷம் பிப்ரவரி 22-ந் தேதி உயிர் நீத்த வள்ளியம்மையும் நம் குலப்பெண்ணே. அன்று 'கூலி' என்ற ஒரு சொல்லால் வக்கீலும் வியாபாரியும் தொழிலாளியும் ஒருங்கே இகழப்பட்டனர். இன்று நம் தெருவில் கூவப்படும் சொற்களும் அதே வேலையைத்தான் செய்கின்றன.

அந்நாளில் நமக்குத் துணை நின்றவர்களில் ஹென்றி போலக் என்ற ஆங்கில யூதரை நாம் முக்கியமாக நினைக்கிறோம். டிரான்ஸ்வால் இந்தியர்களின் பிரதிநிதியாக 1909-ல் அவர் இந்தியாவுக்கு வந்தார். அங்கே நம்மவர் படும் கஷ்டங்களைப் பற்றி அவர் எழுதிய புஸ்தகத்தைச் சென்னையில் ஜி. ஏ. நடேசன் பிரசுரித்தார். 1913-ல் போலக்கும், காலன்பாக்கும், காந்தியடிகளைப் போலவே சிறை புகுந்தனர். யாருக்காகப் பேசினாரோ அவர்கள் அனுப்பியே அவர் வந்தார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

அடையாற்றிலிருந்து கிளம்பிய உதவி வேறு வகையானது. அன்னி பெஸண்ட் அம்மையார் 1917-ல் நமக்காகக் காவலில் வைக்கப்பட்டார். அவ்வருஷமே காங்கிரஸின் அக்கிராசனராகவும் ஆனார். அந்த உபகாரத்தை நாம் என்றும் போற்றுகிறோம். எனினும் ஒத்துழையாமை வந்தபோது ஜனங்கள் ஒரு வழியிலும் அம்மையார் மற்றொரு வழியிலும் சென்றனர். துணைக்கு வந்தவர் முன்னே நடக்கத் தொடங்கினால் இச்சங்கடம் நேர்ந்தே தீரும்.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அருணாசலப் பிரதேசத்து மாணவர் நீடோ டானியா 2014 ஜனவரியில் டில்லியில் தாக்கப்பட்டு இறந்த பிறகு, பேஸ்பரூவா கமிட்டி நியமிக்கப்பட்டது. இன இகழ்ச்சியைத் தண்டிக்க இரண்டு புதிய பிரிவுகளை இந்தியத் தண்டனைச் சட்டத்தில் சேர்க்குமாறு அக்கமிட்டி அவ்வருஷமே சிபார்சு செய்தது. அவை சேராமலே அச்சட்டம் மறைந்து, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சம்ஹிதா அமலுக்கு வந்துவிட்டது. ஐவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் கூடி இனத்தின் பொருட்டுக் கொலை செய்தால் அதற்கு இதில் தண்டனை உண்டு. கொலையோ கொடுங்காயமோ நேரும் வரையில் காத்திருக்க வேண்டும் போலும்!

ஸர்க்கார் வரும்வரை மயிலாப்பூர் வக்கீல்கள் சும்மா இருக்கவேண்டுவதில்லை. போலீஸ் ஸ்டேஷனில் பாஷை தெரியாது நிற்பவனோடு ஒருவர் கூடச் சென்று புகாரை எழுதிக் கொடுக்கலாம். முன்பணம் திரும்பாதவனுக்காக ஒரு நோட்டீஸ் அனுப்பலாம். வீட்டுக்காரர்கள் பெயரையும் ஊரையும் கேட்டறிந்து சாவியைக் கொடுக்கலாம். நமது சபைகள் இது குறித்துக் கூட்டம் கூட்டுவதும் நன்றே. ஆனால் நம்மவர் நால்வர் பிரசங்கம் செய்தபின் அவர்களுக்கு ஐந்து நிமிஷம் ஒதுக்கும் வழக்கத்தை விட்டு, அவர்களை முதலில் பேசவிட்டு நாம் கீழே உட்கார்ந்து கேட்க வேண்டும். கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை மாலையில் வைக்கலாகாது. ஹோட்டல்களில் அவர்களுக்கு ஓய்வே இல்லாத வேளை அது.