பக்கம் புரட்டும் கைக்கான காசு

கொட்டாஞ்சேனையில் மாமா இருந்த வீட்டைப் போன மாதம் காலி செய்தோம். அவருடைய ஆண்டுத் திவசமும் முடிந்துவிட்டது, இனி எத்தனை நாளைக்கு வாடகை கட்டுவது? கட்டில், அலுமாரி, தையல் மெசின் எல்லாம் ஒரு பின்னேரத்துக்குள் போய்விட்டன. யாரும் கேட்காமல் கிடந்தவை நாலு காட்போட் பெட்டிகள். உள்ளே முழுக்க மல்லிகை.

யாழ்ப்பாணத்தில் 1966 ஆகஸ்டில் டொமினிக் ஜீவா தொடங்கிய சஞ்சிகை அது. சலூனில் முடிவெட்டிக்கொண்டே எழுதியவர், தன் இதழைத் தானே சுமந்து வீதி வீதியாக விற்றவர். போர் அவரைக் கொழும்புக்கு அனுப்பிய பிறகு மல்லிகை கொட்டாஞ்சேனை ஸ்ரீ கதிரேசன் வீதியிலிருந்து வந்தது. மாமா மாதாமாதம் அங்கே நடந்துபோய் ஜீவாவின் கையால் வாங்கி வருவார். தபாலில் எடுக்கலாமே என்று கேட்டால் கோபம் வரும்.

டொரொன்டோவில் இருக்கிற மச்சாளுக்கு வீடியோவில் பெட்டிகளைக் காட்டினேன். "போத்தல் பேப்பர்காரனைக் கூப்பிட்டுக் குடுத்துவிடுங்கோ அக்கா, உங்கட பிளாட்டில எங்க வைக்கிறது?" என்றாள். அவள் சொன்னதில் பிழை இல்லை. வெள்ளவத்தையில் கடலிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி இருக்கிறேன். உப்புக்காற்றில் ஜன்னல் கொளுக்கியே துருப்பிடித்து உதிர்கிறது. மலிவுக் கடதாசியில் அச்சடித்த இதழ் என்ன பாடுபடும்? தொட்டால் ஓரம் பொடியாகிறது. ஆனால் நான் ஒன்றை எடுத்து அட்டையைக் காட்டியதும் அவள் குரல் மாறிவிட்டது. "இது அப்பாட கையெழுத்தெல்லோ?" மூலையில் மாமா தேதி போட்டிருந்தார். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. பிறகு, "இதைக் காப்பாத்த எவ்வளவு காசு அனுப்பவேணும்?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் இந்த வாரப் பத்தி.

புலம்பெயர்ந்த எங்கள் சனம் கொடுக்காத சனம் இல்லை. ஊர்க் கோயில் கோபுரம், பழைய மாணவர் சங்கம், பள்ளிக்கூட மண்டபம் என்று காசு வந்துகொண்டே இருக்கிறது. ஹார்வர்டில் தமிழ் இருக்கைக்கு 60 லட்சம் அமெரிக்க டொலர் சேர்ந்தது. டொரொன்டோ பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்தில் இன்னொரு இருக்கைக்கு 30 லட்சம் கனேடிய டொலர் 2021இல் நிறைவாயிற்று. தமிழ்நாடு அரசும் இரண்டுக்கும் கொடுத்தது. இருக்கைகள் வேண்டும், அதில் எனக்கு இரண்டு கருத்தில்லை. ஆனால் நாளை அந்த இருக்கையில் அமரும் பேராசிரியர் ஈழத்துச் சிறுகதையைப் பற்றி எழுத உட்கார்ந்தால், மாமாவின் கட்டிலுக்குக் கீழே கிடந்த பெட்டி அவருக்குத் தேவைப்படும். அது பேப்பர்காரரின் தராசில் ஏறிவிட்டால் எந்த இருக்கையாலும் அதைத் திருப்பிக் கொண்டுவர முடியாது.

பெட்டிக்குள் இருப்பதைக் காக்கத்தான் 2005இல் சில இளைஞர்கள் நூலகம் திட்டத்தைத் தொடங்கினார்கள். முதலில் தட்டச்சு செய்தார்கள், பிறகு ஸ்கான் செய்தார்கள். இன்று ஈழத்து நூல்கள், பத்திரிகைகள், சிறப்பு மலர்கள், துண்டுப்பிரசுரங்கள் எனப் பல பத்தாயிரம் ஆவணங்களை உலகில் எவரும் காசில்லாமல் திறந்து படிக்கலாம். அதைத் தாங்குவதில் பெரும்பங்கு வெளிநாட்டிலிருந்து வரும் தனியாட்களின் நன்கொடை.

அந்தக் காசு எங்கே போகிறது என்று மச்சாளுக்குச் சொன்னேன். ஒரு இதழை விரிக்கவேண்டும். கம்பி துருப்பிடித்திருந்தால் மெல்லக் கழற்றவேண்டும். பக்கம் பக்கமாகப் படம் எடுத்து, விட்டுப்போன பக்கம் உண்டா என்று இன்னொருவர் பார்க்கவேண்டும். ஆசிரியர், ஆண்டு, இதழ் எண் எல்லாம் பட்டியலில் ஏறவேண்டும், இல்லாவிட்டால் படம் இருந்தும் தேடுகிறவருக்குக் கிடைக்காது. பிறகு ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் நகல் வைக்கவேண்டும். வன்வட்டுக்கும் ஆயுள் உண்டு, சில வருடத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டும். மெசினை ஒருமுறை வாங்கினால் போதும், பக்கம் புரட்டும் பிள்ளைக்கு மாதா மாதம் சம்பளம் வேண்டும். திறப்புவிழா இல்லை, கல்வெட்டு இல்லை, மேடையில் பொன்னாடை இல்லை. அதனால்தான் இதற்குக் காசு சேர்ப்பது கோபுரத்துக்குச் சேர்ப்பதைவிடக் கஷ்டம்.

பெரிய மானியங்களும் உண்டு. பிரித்தானிய நூலகம் 2004 முதல், ஆர்க்கேடியா நிதியத்தின் பணத்தில், அழிந்துகொண்டிருக்கும் ஆவணங்களை உலகெங்கும் படியெடுக்க உதவுகிறது. யாழ்ப்பாணத்து ஏட்டுச் சுவடிகளுக்கும் மிஷன் ஆவணங்களுக்கும் அந்த உதவி வந்தது. மொங்கோலியாவில் டன்சன்ரவ்ஜா என்ற 19ஆம் நூற்றாண்டுத் துறவிக் கவிஞரின் சுவடிகளுக்கும் அதே கை நீண்டது. 1938இல் ஆட்சியாளர் மடங்களை இடித்தபோது அவருடைய பொருள்களைக் காத்துவந்தவர் 64 பெட்டிகளைக் கோபிப் பாலைவனத்தில் புதைத்தார். புதைத்தவரின் பேரன் 1991இல் தோண்டத் தொடங்கினார். வாசித்தபோது நெஞ்சு அடைத்தது. 1981இல் யாழ்ப்பாண நூலகத்தில் ஏறக்குறைய 97,000 நூல்கள் எரிந்தபோது, புதைத்துவைக்க எங்களுக்கு ஒரு இரவும் கிடைக்கவில்லை.

ஆனால் மானியத்துக்கு முடிவுத் தேதி உண்டு. திட்டம் முடிந்த அன்று கமெராவுக்குப் பின்னால் நின்ற பிள்ளை வேறு வேலை தேடிப் போய்விடும், அவர் பழகிய கைப்பதமும் கூடவே போய்விடும். மாதம் 20 டொலர் விடாமல் வருமென்றால் அந்தப் பிள்ளை இருக்கும். ஒரே தரம் 2,000 டொலரைக் கொடுத்துவிட்டு மறப்பதைவிட அதுதான் நல்லது என்று மச்சாளுக்குச் சொன்னேன், உங்களுக்கும் சொல்கிறேன். கொடுக்கிறவர் கணக்குக் கேட்கவும் வேண்டும். கேட்டால் மனம் நோகுமென்று கூச்சப்படத் தேவையில்லை. வருடக் கணக்கை வெளியே வைக்கிற நிறுவனம் அந்தக் கேள்வியை விரும்பும்.

இந்தக் காசு ஒருகாலத்தில் மறுபக்கம் போனது. உ.வே.சாமிநாதையர் கும்பகோணத்தில் ஏடும் கையுமாக இருந்த நாளில், அவருடைய பதிப்புக்குக் கடல் கடந்து உதவியவர்களில் கொழும்பு பொ. குமாரசாமி முதலியாரும் ஒருவர். பொன்னம்பலம் இராமநாதனின் தமையனார். கொழும்பில் இருந்துகொண்டு அவர் கொடுத்தது தனக்கென்று இல்லை, இனி வாசிக்கப்போகிறவருக்கு.

பெட்டிகளைக் கயிறு போட்டுக் கட்டி ஓட்டோவில் வெள்ளவத்தைக்குக் கொண்டுவந்துவிட்டேன். இரண்டு நாள் தரையில் உட்கார்ந்து இதழ் எண் வாரியாக அடுக்கினேன். நூலகம் திட்டத்தில் ஏற்கெனவே இருப்பது எது, இல்லாதது எது என்று ஒவ்வொன்றாகப் பார்த்து ஒரு கொப்பியில் குறித்திருக்கிறேன். மச்சாள் நேற்று இரவும் எடுத்தாள். மாதக் கட்டளையை வங்கியில் போட்டுவிட்டாளாம். பிறகு கேட்டாள், "அப்பா தேதி எழுதின அட்டையையும் சேர்த்து எடுப்பினமோ?"

எடுப்பார்கள் என்றேன். முதல் படமே அட்டைதான்.