வடிகட்டி என்பது சல்லடை அன்று

வீட்டு மீன்தொட்டிக்கு வடிகட்டி வாங்கச் செல்வோரிடம் முதலில் காட்டப்படுவது பெட்டியின்மேல் அச்சிட்ட ஓர் எண்: மணிக்கு இத்தனை லிட்டர். இங்கே கொல்கத்தாவின் கேலிஃப் தெரு ஞாயிற்றுச் சந்தையிலும் அதுதான் பேச்சு. இணையக் கடைகளிலும் அதுதான். வடிகட்டியை வெறும் நீரிறைக்கும் பொறியாக எடைபோடும் இவ்வழக்கத்தை, உயிரியல் கற்பிப்போரும் வினவாது ஏற்பதே என் புகார்.

மீனைக் கொல்வது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும் அழுக்கு அன்று. செவுள் வழியே மீன் வெளியேற்றும் அம்மோனியாவுக்கு நிறமில்லை. பளிங்குபோல் தெளிந்த நீரிலும் மீன் நஞ்சேறிச் சாகும். அதனை நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியங்களுக்கு ஒட்டிவாழப் பரப்பும் ஆக்சிஜனும் வேண்டும். அவற்றின் குடியிருப்பே வடிகட்டி. இவ்விரு படிகளையும் ஒரே பாக்டீரியம் தனித்து முடிக்கவல்லது என்பது 2015இல்தான் நிறுவப்பட்டது. அதற்கான சான்றுகளுள் ஒன்று மீன்வளர்ப்பு அமைப்பொன்றின் வடிகட்டியிலிருந்தே கிடைத்தது. வணிகமோ இன்னும் லிட்டர் கணக்கை விட்டு நகரவில்லை.

அதனினும் கொடிது, 'மாதம் ஒருமுறை கார்ட்ரிட்ஜை மாற்றுக' என்னும் அறிவுரை. வாரக்கணக்கில் வளர்ந்த பாக்டீரியக் கூட்டத்தைக் குப்பையில் எறியச் சொல்லிவிட்டு, மீன் இறந்ததும் புதிய மீனையும் விற்கலாம். (வணிக உத்தி என்ற அளவில் குறை சொல்வதற்கில்லை.) பஞ்சு நைந்துபோகும்வரை அதனை மாற்ற வேண்டியதில்லை, தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே பிழிந்து அலசினால் போதும். குழாய்நீர் கூடாது, அதிலுள்ள குளோரின் பாக்டீரியங்களை அழிக்கும்.

50 லிட்டர்த் தொட்டியில் மீன்களை நெருக்கி அடைக்காதவர்க்கு, காற்றுப் பம்பில் இயங்கும் பஞ்சு வடிகட்டியே போதுமானது. விலை மிகக் குறைவு என்பதே அதன்மீது நமக்குள்ள ஏளனத்திற்குக் காரணம் என்று கருதுகிறேன். வேகமான நீரோட்டத்தில் களைத்துப்போகும் சண்டை மீனுக்கும், உறிஞ்சப்பட்டுச் சாகும் குஞ்சுகளுக்கும் அதனினும் பாதுகாப்பானது இல்லை. பெரிய தொட்டி, கழிவு மிகுந்த தங்கமீன் எனில் கேனிஸ்டர் வாங்குவதில் நியாயம் உண்டு. ஆயினும் மின்வெட்டு நீளும் ஊர்களில் அம்மூடிய கலத்துக்குள் ஆக்சிஜன் தீர்ந்து பாக்டீரியங்கள் மடியத் தொடங்கும். சிறு காற்றுப் பம்பையோ பேட்டரியிலேயே ஓட்டிவிடலாம்.

ஆகவே கடையில் லிட்டரைக் கேளாதீர்கள். உள்ளே பஞ்சு எவ்வளவு, அதனைக் கழற்றி அலசி மீண்டும் பொருத்த இயலுமா என்று கேளுங்கள். புதிதாகத் தொட்டி வைக்கும் விடுதி நண்பர்கள் எவரேனும் இருந்தால், என் பழைய பஞ்சில் பாதியை வெட்டித் தரச் சித்தமாயிருக்கிறேன். ஈரம் காயாமல் தொட்டிநீரிலேயே எடுத்துச்செல்ல ஒரு டப்பா கொண்டுவருக.