கதைக்கு நீதி எழுதுறது யாரு?

‘கதைதானே, கொழந்தைங்க கேட்டுட்டுத் தூங்கிடும்’ என்று சொல்கிறவர்களோடுதான் எனக்குச் சண்டை. குழந்தை தூங்கிவிடும். கதை உள்ளே உட்கார்ந்து வேலை செய்யும்.

கள்ளக்குறிச்சிப் பக்கம் ஒரு காலனியில் இரவுப் பள்ளி நடத்துகிறவன் நான். காக்கா – நரி கதை சொல்லி, ‘ஏமாறாதே’ என்று நீதியும் சொன்னேன். ஒரு பொண்ணு கேட்டா: ‘வடை போச்சே சார், அந்த ஆயாவுக்கு யாரு காசு குடுப்பாங்க?’ காக்கா ஏமாந்தது தெரியும், நரி ஜெயித்தது தெரியும். உளுந்து ஆட்டி, அடுப்பூதி, வடை சுட்டவள் நஷ்டம் மட்டும் எந்த நீதியிலும் இல்லை. பிரெஞ்சில் லா ஃபோந்தேன் எழுதிய இதே கதையில் வடைக்குப் பதில் பாலாடைக்கட்டி. அதைக் குழந்தைக்குச் சொன்னால் பிள்ளை நரி பக்கம்தான் சாயும் என்று ரூஸோ 1762இல் ‘எமில்’ நூலில் சண்டை போட்டார். சரியான சண்டை. ஆனால் அந்தக் கட்டியைச் செய்த கை யாருடையது என்று அவரும் கேட்கவில்லை.

தோழர்களே, நீதிக்கதை என்பது யாருக்காகச் சொல்லப்பட்டது? பஞ்சதந்திரம் மக்களுக்குச் சொன்ன கதை இல்லை. விஷ்ணுசர்மன் என்கிற பார்ப்பனர் மக்கு ராஜகுமாரர்களுக்கு ஆளக் கற்றுக்கொடுத்தார் என்று அந்த நூலே சொல்லிக்கொள்கிறது. அது பாரசீகம், அரபி என்று ஊர் ஊராய்ப் போய், 1644இல் பாரீசில் பிரெஞ்சு உடை உடுத்தியது. 1678இல் தன் இரண்டாம் தொகுதியை வெளியிட்டபோது, இந்திய முனிவர் ‘பில்பே’வுக்குக் கடன்பட்டிருக்கிறேன் என்று லா ஃபோந்தேன் எழுதினார். 1668இல் வந்த முதல் தொகுதியை யாருக்குச் சமர்ப்பித்தார்? பதினான்காம் லூயியின் ஆறு வயது மகனுக்கு. அங்கேயும் ராஜா வீட்டுப் பிள்ளை, இங்கேயும் ராஜா வீட்டுப் பிள்ளை.

1826இல் தாண்டவராய முதலியார் மராத்தியிலிருந்து தமிழ் உரைநடையில் பஞ்சதந்திரம் கொண்டுவந்தார். அதே வருஷம் பாரீசில் பாதிரியார் துபுவாவின் பிரெஞ்சுப் பஞ்சதந்திரம் வந்தது. இந்தத் துபுவா யார்? தென்னிந்தியாவில் முப்பது வருஷம் இருந்து, பறையர்களைக் கேவலமாக எழுதி, சாதி ஏற்பாடு இந்தியர்களின் ஆகச்சிறந்த சட்டம் என்று புகழ்ந்தவர். அப்பேர்ப்பட்டவருக்குப் பஞ்சதந்திரம் இனித்ததில் ஆச்சரியம் என்ன?

இனித்தது எது என்று பார்ப்போம். பஞ்சதந்திரத்தில் ஒரு எலிக்குஞ்சு பருந்தின் வாயிலிருந்து விழுகிறது. முனிவர் அதைப் பெண்ணாக்கி வளர்க்கிறார். கல்யாண வயசு வந்ததும் சூரியனைக் காட்டுகிறார், மேகத்தைக் காட்டுகிறார், காற்றை, மலையைக் காட்டுகிறார். வேண்டாம் வேண்டாம் என்கிறாள். கடைசியில் எலியைப் பார்த்ததும் முகம் மலர்கிறது. திரும்பவும் எலியாக்கி எலிக்கே கட்டிக்கொடுக்கிறார். சுபம். இது கதையா, அகமணச் சட்டமா? பெண்ணே விரும்பித் தன் சாதிக்குள் திரும்பினாள் என்று அவள் வாயாலேயே சொல்லவைக்கிறதுதான் இதிலுள்ள விஷம். லா ஃபோந்தேனும் இதை எழுதினார். பார்ப்பனரின் மறுபிறவிக் கொள்கையைக் கிண்டலடித்துக்கொண்டே, வானம் விதித்த விதிக்கே திரும்பணும் என்று முடித்தார். கிண்டல் கொள்கைக்கு, விதி மட்டும் பத்திரம்.

எங்க பக்கத்தில் எலியாகத் திரும்ப மறுத்த பெண்ணும் உண்டு. 2003இல் விருத்தாசலம் பக்கம் புதுக்கூரைப்பேட்டையில், தலித் பையனைக் கட்டிக்கொண்ட பெண்ணுக்கும் அந்தப் பையனுக்கும் விஷம் ஊற்றிக் கொன்று எரித்தார்கள். தீர்ப்பு வர 2021 ஆனது. நீலச்சாயத் தொட்டியில் விழுந்து ராஜாவான நரியையும் கதை அப்படித்தான் கொல்கிறது. படித்து வேலைக்குப் போய் வெள்ளைச்சட்டை போட்ட ஒவ்வொரு தலித் பையனையும் பார்த்து, ‘ஊளையிடுவான் பாரு’ என்று காத்திருக்கிறது ஊர்.

அதற்காக லா ஃபோந்தேனை அடுப்பில் போடச் சொல்லவில்லை. கொள்ளைநோய் வந்த மிருகங்களின் கதை அவருடையதுதான். யார் பாவத்தால் நோய் வந்தது என்று பஞ்சாயத்து கூடுகிறது. ஆடுகளைத் தின்றேன், சில சமயம் மேய்ப்பனையும் தின்றேன் என்கிறது சிங்கம். அய்யா தின்றது ஆட்டுக்குப் பெருமை என்கிறது நரி. மடத்துப் புல்வெளியில் நாக்களவு புல் கடித்தேன் என்கிறது கழுதை. அவ்வளவுதான், கழுதைக்குச் சாவு. 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் 44 பேரைக் குடிசையோடு கொளுத்தினார்கள். கார் வைத்திருக்கிற பெரிய மிராசுதார்கள் தாங்களே நடந்துபோய்த் தீவைத்திருப்பார்களா என்று உயர்நீதிமன்றம் சந்தேகப்பட்டு விடுதலை செய்தது. நரி சொன்ன அதே நியாயம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் செத்தபோதும் ‘குடிச்சவன் தப்பு’ என்று நீதி சொன்னவர்கள் நிறைய. காய்ச்சினவன், கடத்தினவன், கண்ணை மூடிக்கொண்டவன் எல்லாம் சிங்கங்கள். ஐம்பது ரூபாய் பாக்கெட்டைப் பிரித்த கூலிக்காரன் கழுதை.

பெரோவையும் பார்த்துவிடுவோம். 1697இல் அவர் வெளியிட்ட கதைகளின் முகப்புப் படத்தில் நூல் நூற்றுக்கொண்டே கதை சொல்கிறாள் ஒரு வேலைக்காரக் கிழவி. கதை கிழவியுடையது. ஒவ்வொரு கதையின் கடைசியிலும் செய்யுளில் நீதி ஒட்டியவர் அரண்மனை உத்தியோகம் பார்த்த கனவான். பூட்ஸ் போட்ட பூனை கதையில், அறுவடை செய்கிற கூலியாட்களைப் பூனை மிரட்டுகிறது: இந்த நிலமெல்லாம் எங்க எஜமான் கரபாஸ் பிரபுவோடது என்று ராஜாவிடம் சொல்லுங்க, இல்லாவிட்டால் கொத்திக் கறியாக்கிடுவோம். அவர்களும் சொல்கிறார்கள். ராஜா நம்புகிறார். பட்டா ரெடி. சாமர்த்தியம் பரம்பரைச் சொத்தைவிடப் பெரிது என்பது பெரோவின் நீதி. உழுதவன் வாயை மூடவைத்ததற்குப் பெயர் சாமர்த்தியமாம்!

கல்வராயன் மலைக்கு வாங்க. கிருஷ்ணதேவராயர் கொடுத்தார் என்ற கதையைச் சொல்லியே சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்று மூன்று ஜாகீர்தார்கள் மலையை ஆண்டார்கள். நாடு சுதந்திரம் அடைந்து 29 வருஷம் கழித்து, 1976இல்தான் மலை அரசாங்கத்தின் கைக்கு வந்தது. காட்டைத் திருத்தித் தினையும் சாமையும் விதைத்த மலையாளிப் பழங்குடிகள் அதுவரை யாருடைய நிலத்தில் இருந்தார்கள்? கரபாஸ் பிரபுவின் நிலத்தில். கீழே சமவெளியிலும் அதே கதைதான். 1892இல் வெள்ளைக்காரன் ஒதுக்கிய 12 லட்சம் ஏக்கர் என்று சொல்லப்படும் பஞ்சமி நிலத்தில் பெரும்பகுதி யார் கையில் இருக்கிறது என்று கேட்டுப்பாருங்க. அதைக் கேட்டுப் போராடினதற்குத்தான் 1994இல் செங்கல்பட்டுப் பக்கம் இரண்டு தலித் தோழர்கள் துப்பாக்கிச்சூட்டில் செத்தார்கள்.

‘பிரெஞ்சுக்காரன் கதை நமக்கு என்னாத்துக்கு?’ என்று சில தோழர்கள் கேட்பார்கள். அது நம்ம பார்ப்பனர் கதைதான், கப்பல் ஏறிப்போய்த் திரும்பிவந்திருக்கிறது. எதிரியின் ஆயுதம் எந்தப் பட்டறையில் சாணை பிடிக்கப்பட்டது என்று தெரிந்துவைத்துக்கொள்வதில் தப்பில்லை. ‘நீதிக்கதையே வேண்டாம்’ என்று வேறு சிலர் சொல்வார்கள். அதையும் நான் ஏற்கமாட்டேன். நாம் விட்ட இடத்தில் நரி உட்கார்ந்துகொள்ளும்.

மாணவத் தோழர்களுக்கு வேலை இருக்கிறது. வெள்ளிமலைக்கும் சேராப்பட்டுக்கும் ஏறுங்க. நம்ம சேரி ஆயாக்களிடமும் மலை ஆயாக்களிடமும் உட்காருங்க. கதையை அவங்க பேச்சிலேயே எழுதுங்க. கடைசி வரியில் நீதி எதையும் நீங்களாக ஒட்டாதீங்க. இந்தக் கதையில் நிலம் யாருது, உழைப்பு யாருது, செத்தது யாரு என்று கேட்கிற பிள்ளைகள் வரட்டும். நீதியை அவங்க எழுதட்டும்.