குரூசியும் எங்கள் பிட்டர்களும்

1877-ஆம் ஆண்டின் கடைசியில் எடிசன் ஒரு படத்தை வரைந்து ஜான் குரூசியிடம் கொடுத்தார். கைப்பிடியைச் சுற்றினால் உருளும் பித்தளை உருளை. அதன் மேல் திருகாணி மரைபோல நுண்ணிய பள்ளம். பள்ளத்தின் மீது வெள்ளீயத் தாள். இது பேசும் என்றார் எடிசன். குரூசி நம்பவில்லை, ஆனாலும் செய்து கொடுத்தார். அது பேசியது. போனோகிராப் பிறந்தது.

அந்தப் பள்ளத்தைப் பிசகாமல் வெட்டியவர் சுவிட்சர்லாந்தில் அநாதையாக வளர்ந்து, பூட்டுத்தொழில் கற்று, அமெரிக்காவுக்குப் பிழைக்கப்போன மெஷினிஸ்ட். 1882-இல் நியூயார்க்கின் பேர்ல் தெரு மின்நிலையத்திலிருந்து வந்த மின்சாரத்தில் கட்டிடங்களில் விளக்கு எரிந்ததும் அவர் கைவேலையால்தான். இரும்புக் குழாய்க்குள் செம்புக் கம்பிகளை வைத்து, இடைவெளியில் மின்சாரம் கசியாத கலவையைக் காய்ச்சி ஊற்றி, தெருவுக்கடியில் புதைத்தார்கள். பிறகு ஸ்கெனெக்டடி தொழிற்சாலையையே அவர் நடத்தினார். அது ஜெனரல் எலக்ட்ரிக் ஆனது. 1899-இல் காலமானார்.

மூன்றே வருடத்தில், 1902-இல், சிவசமுத்திரத்திலிருந்து சுமார் 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து எங்கள் கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் வந்தது. சிவசமுத்திரத்தில் சுழன்ற ஜெனரேட்டர்கள் அந்த ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியுடையவை. குரூசி நமக்கு அவ்வளவு தூரத்து மனிதர் இல்லை.

அவரைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தங்கவயலின் சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத்துப் பிட்டர்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள். வட ஆற்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் பிழைக்க வந்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். 1965-இல் இந்தச் சுரங்கத்தில் சுமார் 2,300 மீட்டர் ஆழத்தில், காற்றுமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோவின் தடம் பிடிபட்டது. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தாரோடு ஜப்பானியரும் ஆங்கிலேயரும் சேர்ந்து செய்த ஆராய்ச்சி. அந்தக் குழுவின் மேனன், ஸ்ரீகண்டன் பெயர்களை இயற்பியல் படித்தவர்கள் அறிவார்கள், அறியத்தான் வேண்டும். ஆனால் ஈயத் தகடும் கண்ணாடி நியான் குழாய்களும் தாமாக இறங்கிப் போகவில்லை. கேஜ் என்னும் சுரங்கக் கூண்டில் ஏற்றி, உடையாமல் இறக்கி, பாறை கொதிக்கும் அந்த ஆழத்தில் நகர்த்தியாக வேண்டும். சுரங்கம் தெரிந்த கைகள் இல்லாமல் அது நடந்திருக்காது.

எடிசன் தன் கையால் குரூசியின் பெயரை எழுதிய வரைபடம் ஒன்று இருக்கிறது. எங்கள் ஆட்களுக்கு அப்படி ஒரு தாள்கூட இல்லை. 2001-இல் சுரங்கம் மூடப்பட்டது. கீழே போய்வந்தவர்களில் சிலர் இன்னும் தொழிலாளர் லைன் வீடுகளில் இருக்கிறார்கள், கேட்டால் சொல்வார்கள். பல்கலைக்கழகமோ ஆராய்ச்சி நிறுவனமோ யாராவது இப்போதே வந்து அந்த ஆட்களின் பெயர்களை எழுதிக்கொள்ள வேண்டும்.