ஜிம் ஏன் ஆற்றைக் கடக்கவில்லை?

மார்க் ட்வெய்னின் 'ஹக்கிள்பெரி ஃபின்' பாடமாக உள்ள வகுப்பில், வரைபடத்தைப் பார்த்த மாணவர் ஒருவராவது இந்தக் கேள்வியைக் கேட்பார்: மிஸ்ஸிஸிப்பியின் ஒரு கரை மிசௌரி, அடிமை மாநிலம். எதிர்க்கரை இல்லினாய்ஸ், அடிமைமுறையை விலக்கிய மாநிலம். தப்பி ஓடும் ஜிம் எதிர்க்கரையில் இறங்கி நடக்காமல், அடிமைமுறை வேரூன்றிய தெற்கை நோக்கி ஏன் மிதந்துபோகிறார்? இந்தக் கேள்வி எழவே இல்லை என்றால், வரைபடம் நம் வகுப்புக்குள் வரவே இல்லை என்றுதான் பொருள்.

அமெரிக்க இலக்கியத் தாளை நடத்தும் நம்மில் பலரும் முதல் வகுப்பிலேயே காலப் பின்னணியை முடித்துவிடுகிறோம். பிறப்பு 1835, இயற்பெயர் சாமுவேல் கிளெமன்ஸ், உள்நாட்டுப் போர் 1861 முதல் 1865 வரை, யதார்த்தவாதம் பற்றி நாலு வரி. ஐந்து மதிப்பெண் வினாவுக்கு இது போதும். ஜிம்மின் வழியைப் புரிந்துகொள்ள இது போதாது.

இல்லினாய்ஸ் அவருக்குப் பாதுகாப்பான கரை அல்ல. தப்பியோடியவரை எந்த மாநிலத்துக்குள்ளும் துரத்திப் பிடிக்கும் உரிமையை 1793ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டமே உரிமையாளருக்குத் தந்திருந்தது. சுதந்திரச் சான்று கையில் இல்லாத கறுப்பினத்தவரை ஓடிவந்த அடிமை என்று கருதிக் கைதுசெய்ய இல்லினாய்ஸின் சொந்தச் சட்டமும் இடம் கொடுத்தது. அதனால்தான் ஹக்கும் ஜிம்மும் ஆற்றங்கரை ஊரான கெய்ரோ வரை இறங்கிப்போய், அங்கிருந்து ஒஹையோ ஆற்றில் நீராவிப் படகு ஏறி வடக்கே போகத் திட்டமிடுகிறார்கள். மூடுபனியில் கெய்ரோ தவறிப்போகிறது. 1876இல் எழுதத் தொடங்கிய ட்வெய்ன், ஏறக்குறைய இந்த இடத்தில்தான் கையெழுத்துப் படியை எடுத்து வைத்துவிட்டு, பல ஆண்டுகள் விட்டுவிட்டு எழுதி 1883இல் முடித்தார்.

வகுப்பில் செய்து பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. அக்காலச் செய்தித்தாள்களில் வந்த 'ஓடிப்போனவர்' விளம்பரம் ஒன்றை நகலெடுத்து, இரண்டிரண்டு மாணவராகப் படிக்கக் கொடுங்கள். ஆயிரக்கணக்கில் இணையத்தில் கிடைக்கின்றன. மூட்டையோடு ஓடும் சிறு உருவப்படம், கீழே பெயர், வயது, உயரம், உடுத்தியிருந்த துணி, தெரிந்த கைத்தொழில், முதுகிலோ கன்னத்திலோ உள்ள தழும்பு. பிறகு சன்மானம்: பல விளம்பரங்களில் உள்ளூரில் பிடித்தால் ஒரு தொகை, மாநில எல்லைக்கு வெளியே பிடித்தால் அதைவிடக் கூடுதல். இந்த ஏறுவரிசையைக் கண்ட மாணவருக்கு இல்லினாய்ஸ் பற்றித் தனியாக விளக்க வேண்டியதில்லை. தழும்பு எப்படி வந்தது என்று கேட்கச் சொல்லுங்கள். விளம்பரம் கொடுத்தவரே தனக்கு எதிராகச் சாட்சி சொல்லியிருப்பது தெரியும். அடுத்து நாவலில் ஜிம்மின் மீது விழும் விலைகளைத் தேட விடுங்கள். நியூ ஆர்லியன்ஸுக்கு விற்றால் 800 டாலர், தலைக்கு வைத்த சன்மானம் 300, கடைசியில் ஏமாற்றுக்காரர்கள் கைமாற்றியது 40.

இதோடு சேர்த்துப் படிக்க, 1847இல் வெளிவந்த வில்லியம் வெல்ஸ் பிரவுனின் தன்வரலாற்றைப் பரிந்துரைக்கிறோம். செயின்ட் லூயிஸில் அடிமையாக இருந்த அவர், அதே ஆற்றில் நீராவிப் படகுகளில் வேலை செய்தவர். மனிதர்களை நியூ ஆர்லியன்ஸ் சந்தைக்குக் கொண்டுபோன வியாபாரியிடம் வாடகைக்கு விடப்பட்டவர். 1834இல் தப்பினார். ட்வெய்ன் படகு வழிகாட்டியாக நேசித்த ஆற்றை, அதில் சரக்காக ஏற்றப்பட்டவர்களின் பக்கத்திலிருந்து காண இதைவிடப் பொருத்தமான துணைநூல் எங்களுக்குத் தெரியவில்லை.

ஹக்கின் மனப்போராட்டத்தையும் வெறும் 'மனசாட்சி' என்று எழுதிப்போட்டுக் கடந்துவிடக் கூடாது. 1841இல் இல்லினாய்ஸிலிருந்து ஆற்றைக் கடந்து வந்து அடிமைகளைத் தப்பவைக்க முயன்ற மூன்று பேருக்கு மிசௌரியில் 12 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. தீர்ப்புச் சொன்ன நடுவர் குழுவில் ஒருவர் ஜான் மார்ஷல் கிளெமன்ஸ், ட்வெய்னின் தந்தை. மகனுக்கு அப்போது ஐந்து வயது. வீடும் நீதிமன்றமும் தேவாலயமும் ஒரே குரலில் பாவம் என்று சொன்ன செயலைத்தான் ஹக் செய்கிறான். நரகத்துக்குப் போகவும் துணிந்து, ஜிம்மைக் காட்டிக்கொடுக்க எழுதிய கடிதத்தை அவன் கிழிக்கும் இடத்தின் கனம் இந்த வழக்கைச் சொன்ன பிறகுதான் வகுப்பில் இறங்கும்.

நாவலுக்குள் ஓடும் காலம் 1840களை ஒட்டியது. அது எழுதப்பட்ட காலம் வேறு. இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லாததால்தான் கடைசி அத்தியாயங்கள் மாணவருக்கு வீண் விளையாட்டாகப் படுகின்றன. உரிமையாளரான மிஸ் வாட்சனின் உயில்படி ஜிம் ஏற்கெனவே விடுதலை பெற்றவர். அது தெரிந்தும் ஹக்கின் நண்பன் டாம் சாயர் அவரைக் கொட்டகையில் அடைபட்டே இருக்கவிட்டுச் சாகச நாடகம் ஆடுகிறான். வெளியான ஆண்டுகளைப் பக்கத்தில் வையுங்கள். 1877இல் தென் மாநிலங்களிலிருந்து கூட்டாட்சிப் படையின் காவல் விலக்கப்பட்டது. 1875இல் இயற்றிய குடிமை உரிமைகள் சட்டத்தை 1883இல் உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கியது. 1885இல் நாவல் அமெரிக்காவில் வெளிவந்தபோது, சட்டப்படி விடுதலை பெற்ற லட்சக்கணக்கானோர் குத்தகைக் கடனிலும் தண்டனைக் கைதி வேலையிலும் சிக்கியிருந்தார்கள். கடைசிப் பகுதி கலையாகச் சறுக்குகிறது என்ற விமரிசனம் பழையது, அதில் நியாயமும் உண்டு. ஆனாலும் விடுதலையான மனிதரைப் பூட்டி வைத்து வேடிக்கை பார்ப்பதை 1885இன் வாசகர் முன் வைத்தது வெறும் விளையாட்டு என்று எங்களால் ஏற்க முடியவில்லை.

இன வசைச்சொல் நாவலில் இருநூறு இடங்களுக்கு மேல் வருகிறது. 2011இல் அதை நீக்கி 'அடிமை' என்று மாற்றிய ஒரு பதிப்பும் வந்தது. பாடத்தை மாற்ற வேண்டாம். வகுப்பில் அதை உரக்க வாசிக்கவும் வேண்டாம். முதல் நாளே காரணம் சொல்லிவிடுங்கள். சாதிப் பெயரை வசையாகக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் நம் வகுப்புகளிலும் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு நீண்ட விளக்கம் தேவைப்படாது.

இதே கதையை ஜிம்மின் வாயால் சொல்லும் பெர்சிவல் எவரெட்டின் 'ஜேம்ஸ்' 2025இல் புலிட்சர் பரிசு பெற்றுள்ளது. பாடத்திட்டக் குழுக்களில் இருப்பவர்கள் அதை ட்வெய்னுக்குப் பதிலாக அல்லாமல், ட்வெய்னுக்கு அருகில் வைக்க முயலுங்கள். பாடத்திட்டம் மாறும்வரை காத்திருக்காமல், வரும் பருவத்தில் ஒரே ஒரு வகுப்பையாவது வரைபடத்துக்கும் விளம்பரத்துக்கும் ஒதுக்குங்கள். மாணவர்கள் என்ன கேட்டார்கள் என்பதை எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் வெளியிடுகிறோம்.