ட்யூன் போட்டேன், பேச்சு வாங்கினேன்!

பகலில் நான் ஒரு ஆபீஸில் வவுச்சர் சரிபார்க்கிறேன். ராத்திரி பத்தரை மணிக்கு மேல் மியூசிக் டைரக்டர்.

சிரிக்காதீர்கள். சொந்தமாக ஒரு கீபோர்டு இருக்கிறது. செகண்ட் ஹேண்ட். வாங்கும்போதே அதில் ஒரு கட்டை மக்கர். அழுத்தினால் சத்தம் வராது. அந்த இடத்தில்தான் காந்தாரம் இருந்தது. அதனால் என் ஆரம்பகால ட்யூன்கள் எதிலும் காந்தாரம் கிடையாது. கேட்டவர்களிடம் 'புது ராகம்' என்று சொல்லிக்கொண்டேன். அப்புறம் 600 ரூபாய் செலவழித்து ரிப்பேர் பண்ணியதில் காந்தாரம் வந்தது, கூடவே மோகனமும் வந்தது.

ஹெட்போன் மாட்டிக்கொண்டு வாசிப்பதால் வீட்டில் யாருக்கும் பாட்டு கேட்காது. கட்டைகள் டொக் டொக்கென்று அடிபடுவது மட்டும்தான் கேட்கும். "பாவம், ராத்திரியிலயும் ஆபீஸ் வேலையை இழுத்துப் போட்டுக்கிட்டுச் செய்யறான்" என்று அம்மா எதிர்வீட்டு மாமியிடம் சொல்லியிருக்கிறாள்.

நாலு மாசம் உட்கார்ந்து மோகனத்தில் ஒரு ட்யூன் போட்டேன். பல்லவி, இரண்டு சரணம், நடுவில் புல்லாங்குழல் சத்தம். வார்த்தை கிடையாது, வெறும் 'தன்னன்னா'தான். ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு முழுசாகக் கேட்டபோது, சத்தியமாகச் சொல்கிறேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதை உடனே யாரிடமாவது காட்டியாக வேண்டும் என்று ஒரு தவிப்பு. முதல் குழந்தையின் போட்டோவைப் பர்ஸில் வைத்துக்கொண்டு அலைகிறவர்களை முன்பெல்லாம் கிண்டல் பண்ணுவேன். இப்போது பண்ணுவதில்லை.

மறுநாள் ஆபீஸில் பக்கத்து சீட் நண்பன் காதில் இயர்போனைச் செருகினேன். நாலாவது வினாடி, "சூப்பர் மச்சி" என்றான். அப்போது பாட்டே ஆரம்பிக்கவில்லை, தாளம் மட்டும்தான் போய்க்கொண்டிருந்தது. அவன் கண் டிபன் பாக்ஸில் இருந்தது.

செக்‌ஷன் ஆபீசர் ஒரு நிமிஷம் முழுக்கக் கேட்டார். "எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கேப்பா..."

இதுதான் நம் ஊரில் ட்யூன் போடுகிறவனுக்கு விழும் முதல் அடி. மோகனத்தில் இருப்பது ச, ரி, க, ப, த என்று ஐந்தே ஸ்வரம். சீனாக்காரர்கள் காலங்காலமாகப் பாடிக்கொண்டிருப்பதும் ஏறக்குறைய இதே ஐந்தில்தான். எல்லோரும் புழங்குகிற வீட்டில் என் செருப்பும் உன் செருப்பும் ஒரே மாதிரி இருப்பதில் என்ன சார் ஆச்சரியம் என்று கேட்க நினைத்தேன். லீவு சாங்ஷன் பண்ணுகிறவர் என்பதால் கேட்கவில்லை.

காலேஜ் நண்பர்கள் பதினோரு பேருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பதினோரு பேருக்கும் நீல டிக் விழுந்தது. ஒருத்தனும் பேசவில்லை. ராத்திரி பூரா போனை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மௌனத்துக்குத் திட்டே தேவலை.

திட்டும் வந்தது.

எங்கள் தெருக்கோடியில் ஒரு பெரியவர் இருக்கிறார். ஒரு காலத்தில் சினிமா ரிக்கார்டிங்குகளில் வயலின் வாசித்தவர். தயங்கித் தயங்கிப் போனேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "இன்னொரு தடவை போடு" என்றார். மூன்றாவது தடவையும் கேட்டார். எனக்கு உள்ளுக்குள் பட்டாசு.

"தம்பி, இது குரலுக்குப் போட்டதா, மிஷினுக்குப் போட்டதா?"

"குரலுக்குத்தான் சார்."

"அப்ப பாடறவங்க எங்க மூச்சு விடுவாங்க?"

எனக்குப் பதில் வரவில்லை. அவர் விடவில்லை. "சரணத்துல மூணு தடவை மேல் ஷட்ஜத்துக்குப் போறே. முதல் தடவைதான் அழகு. மத்த ரெண்டும் நீ ஏறினதை ஊருக்குக் காட்டறதுக்கு."

'தாங்க்ஸ் சார்' என்று சொல்லிவிட்டு வந்தேன். தெருவில் நடக்கும்போது மனசுக்குள் அவரைத் திட்டிய திட்டை இந்தப் பத்திரிகையில் எழுத முடியாது. கீபோர்டு மேல் துண்டைப் போட்டு மூடினேன். ஒரு வாரத்தில் அம்மா அதை அயர்ன் பண்ணின துணி வைக்கும் மேஜையாக்கிவிட்டாள்.

இந்தச் சமயத்தில்தான் நமக்கு முன்னால் அடி வாங்கியவர்கள் யார் யார் என்று தேடிப் படித்தேன். அடிபட்டவனுக்கு அடிபட்டவன்தானே துணை!

ரஷ்யாவில் ராக்மனினாஃப் என்று ஒரு இளைஞர். 1897-ல் அவருடைய முதல் சிம்பொனி அரங்கேறியபோது வயது 23. செஸார் குயி என்ற விமர்சகர், நரகத்தில் ஒரு சங்கீதக் கல்லூரி இருந்தால் அங்கே இதைக் கொண்டாடுவார்கள் என்கிற அர்த்தத்தில் எழுதித் தள்ளிவிட்டார். பையன் நொறுங்கிப் போனான். கிட்டத்தட்ட மூன்று வருஷம் பெரிதாக எதுவும் எழுத ஓடவில்லை. 1900-ல் நிக்கோலாய் டால் என்ற டாக்டரிடம் வைத்தியம் பார்த்துக்கொண்டுதான் மீண்டார். அடுத்து எழுதிய இரண்டாவது பியானோ கான்செர்ட்டோவை அந்த டாக்டருக்கே சமர்ப்பணம் பண்ணினார். உலகம் பூரா இன்றைக்கும் வாசிக்கிறார்கள்.

அவருக்கு மூத்தவர் சாய்கோவ்ஸ்கி. 1874 கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் ராத்திரி, மாஸ்கோ. வயது 34. தான் எழுதிய முதல் பியானோ கான்செர்ட்டோவை சங்கீதக் கல்லூரித் தலைவர் நிக்கோலாய் ரூபின்ஸ்டீனுக்கு வாசித்துக் காட்டுகிறார். முதல் பகுதி முடிந்தது. ரூபின்ஸ்டீன் வாயே திறக்கவில்லை. (நீல டிக்!) முழுசும் முடிந்த பிறகு திறந்தார். உதவாது, வாசிக்கவே முடியாது, அங்கங்கே சுட்டது, இரண்டு மூன்று பக்கம் தேறும் என்று பொரிந்து தள்ளினார். மாற்றி எழுதினால் நானே வாசிக்கிறேன் என்றும் சொன்னார். ஒரு ஸ்வரத்தைக்கூட மாற்ற மாட்டேன் என்றுவிட்டார் சாய்கோவ்ஸ்கி. மூன்று வருஷம் கழித்து, 1878-ல் எழுதிய ஒரு கடிதத்திலும் அந்தக் காயம் ஆறவில்லை. அந்த மௌனமும் வலித்ததாம்.

1875 அக்டோபரில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஹான்ஸ் ஃபான் ப்யூலோ அதை அரங்கேற்றி ஜெயித்தார். பிற்பாடு ரூபின்ஸ்டீனே மனசு மாறி அதை வாசித்தார்.

இதோடு நிறுத்தியிருந்தால் நானும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டிருப்பேன். மேலே படித்தேன். ஒரு ஸ்வரத்தைக்கூட மாற்ற மாட்டேன் என்ற அதே மனிதர், 1879-லும் 1888-லும் உட்கார்ந்து மாற்றியிருக்கிறார். இன்றைக்கு மேடைகளில் பொதுவாக வாசிக்கப்படுவது அந்தத் திருத்தின வடிவம்தான்.

சுருக்கென்றது. குயி சொன்னதில் திருத்திக்கொள்ள ஒன்றுமே கிடையாது, அது வெறும் நக்கல். ரூபின்ஸ்டீன் பேச்சில் விஷமும் இருந்தது, விஷயமும் இருந்தது. நம் தெருக்கோடிப் பெரியவர்? விஷமே இல்லை. சூப்பர் என்றவன் நாலு வினாடி கேட்டான். இவர் மூன்று தடவை கேட்டார். என் பாட்டுக்கு இதுவரை அவ்வளவு மரியாதை யார் கொடுத்தார்கள்?

அன்றைக்கு ஆபீசிலிருந்து வந்ததும் ஹாலில் நின்று, ஹெட்போன் இல்லாமல், அந்தப் பல்லவியை வாய்விட்டுப் பாடினேன். மூன்றாவது வரியில் கண் இருட்டியது. கீபோர்டுக்கு நுரையீரல் கிடையாது என்பது அப்போதுதான் புரிந்தது. இரண்டாவது வரி முடிவில் ஒரு சின்ன இடைவெளி வைத்தேன். சரணத்தில் மேல் ஷட்ஜத்தை ஒரே ஒரு தடவை மட்டும் விட்டு, மற்ற இரண்டையும் வெட்டினேன். வெட்டும்போது சொந்த விரலை வெட்டுகிற மாதிரி இருந்தது. பத்து நாள் பாடிப் பாடிப் பார்த்தேன். எதிர்வீட்டு மாமி ஜன்னலைச் சாத்திக்கொண்டாள். அதையும் ஒரு விமர்சனமாக எடுத்துக்கொண்டேன்.

பெரியவரிடம் மறுபடி போனேன். இந்தத் தடவை ஒரே முறைதான் கேட்டார். "ம்... அடுத்தது எப்போ?" என்றார். அவ்வளவுதான்.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் சமையலறைப் பக்கம் போனேன். அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டே எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். தன்னன்னா... என் பல்லவி! இரண்டாவது வரி முடிவில், நான் விட்ட அதே இடத்தில், மூச்சு விட்டாள்.

நெஞ்சு அடைக்க, "என்ன பாட்டும்மா அது?" என்றேன்.

"தெரியலடா. எப்பவோ ரேடியோல கேட்டது. பழைய பாட்டுதான் என்னிக்கும் பாட்டு. நீயும் போடறியே..."